பாக்குவெட்டி நின்ற இடம்

கதை எழுதப் பழகும் பிள்ளைகள் என்னிடம் யோசனை கேட்டு வருவதுண்டு. எழுதியதை யாரிடமாவது வாசித்துக் காட்டுங்கள், கேட்பவர் கைவேலை நிற்காத இடத்தையெல்லாம் வெட்டிவிடுங்கள் என்பேன். வேறு யோசனை எனக்குத் தெரியாது. இதுவும் என் மாமாவுடையது.

மாமா என்றால் என் உம்மாவின் தம்பி. பிலிமத்தலாவையில் புடவைக் கடை வைத்திருந்தார். அங்கே அவர் துணி விற்றதைவிடக் கதை எழுதியதுதான் அதிகம். கொழும்புப் பத்திரிகைக்குப் போன கதைகள் எல்லாம் போன வேகத்திலேயே திரும்பி வந்தன. "இனி ஒண்டு திரும்பி வந்தா, பேனைய வெச்சிட்டு ஒழுங்கா யாவாரத்தப் பாரு" என்று என் வாப்பா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

அதற்குப் பயந்துதான் மாமா கண்டியிலுள்ள எங்கள் வீட்டுக்கு வந்து, பாயில் உட்கார்ந்து பாக்கு வெட்டிக்கொண்டிருக்கும் உம்மாவிடம் கதையை வாசித்துக் காட்டத் தொடங்கினார். கதையில் கப்பல் கவிழும், ராஜகுமாரி மயங்கி விழுவாள். உம்மாவின் பாக்குவெட்டி அதன் பாட்டுக்குக் கரக் கரக்கென்று போய்க்கொண்டிருக்கும். அந்த இடத்தையெல்லாம் மாமா பென்சிலால் அடிப்பார். அடித்து அடித்து, கடைசியில் கப்பலும் போயிற்று, ராஜகுமாரியும் போனாள்.

பிறகொரு நாள் புதுக்கதை கொண்டுவந்தார். கல்யாணமாகிப் பிள்ளை பெற்ற ஒருத்தி, தெருவில் பஸ் வரும் சத்தம் கேட்டால் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு ஜன்னலுக்கு வருகிறாள். அவ்வளவுதான் கதை. பாக்குவெட்டி நின்றுவிட்டது.

"எப்பிடி தாத்தா?" என்றார் மாமா. எங்களில் அக்காவைத் தாத்தா என்போம்.

"இத அனுப்பாதே."

"ஏன், நல்லா இல்லையா?"

"நல்லா ஈக்குது. அதான் சொல்றேன்."

மாமா அனுப்பினார். அச்சிலும் வந்தது. வாப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. மச்சான் எழுதியது என்று வருகிறவர் போகிறவருக்கெல்லாம் தானே வாசித்துக் காட்டினார்.

திகன பஸ் வரும்போது உம்மாவும் அப்படி ஜன்னலுக்கு வருவார். எல்லா உம்மாமாரும் செய்வதுதானே என்று நான் நினைத்திருந்தேன். திகனயிலிருந்து அவரை முதலில் பெண் கேட்டு ஒருவர் வந்ததும், வீட்டார் மறுத்ததும் உம்மா மௌத்தாகி அடக்கமான பிறகுதான் என் காதுக்கு எட்டின.

கதை அச்சில் வந்த பிறகு, எத்தனை பஸ் போனாலும் உம்மா பாயைவிட்டு எழும்பவில்லை. இவ்வளவு நல்ல கதை உம்மாவுக்குப் பிடிக்காமல் போயிற்றே என்று, அப்போது எனக்கு மாமாவைப் பார்க்கத்தான் பாவமாக இருந்தது.