பாதித் தூரத்தில் நின்ற முகம்

நான் வேலை செய்த ஸ்ரூடியோவில் மூன்று கொம்பியூட்டர்கள் ஒரே குடும்பமாக இருந்தன. குடும்பம் என்று சொன்னது நானில்லை, முதலாளி அண்ணை. கொழும்பில் ஒரு விளம்பரக் கொம்பனி கழித்துவிட்ட படவேலை இயந்திரங்கள் அவை. உயரமான நீலப் பெட்டி மூத்தவர். ஊதா நிறத்துத் தட்டைப் பெட்டி நடுவிலார். சின்னதும் கெட்டித்தனம் கூடியதும் கடைக்குட்டி. மூன்றும் தங்களுக்குள் வயரால் கதைத்துக்கொள்ளும், ஊரிலுள்ள வேறெந்தக் கொம்பியூட்டரையும் மதிக்காது. தமிழில் ஒரு எழுத்து அடிக்க ஏலாது. அதற்கென்று பக்கத்தில் சாதாரணக் கொம்பியூட்டர் ஒன்றை வேறு வைத்திருந்தோம். "உந்தச் சீமான்களுக்கு வேலைக்காரனும் வேணுமாக்கும்" என்று நான் புறுபுறுப்பேன். அண்ணைக்கு அது பிடிக்காது. குண்டா, வயர்லெஸ்ஸா என்று கேட்ட சோதனைச் சாவடிகளிலெல்லாம் கலியாண அல்பங்களை விரித்துக் காட்டி, லொறியில் துறைமுக வீதிவரை கொண்டுவந்து சேர்த்த மனிதர் அவர்.

பறக்கும் எழுத்துகளும் சுழலும் பூகோளமும் செய்வதற்கென்று உண்டாக்கிய இயந்திரங்கள். எங்களிடம் வந்து செத்தவர்களுக்குக் கோட் போட்டன. யுத்த காலம். செத்தவரின் அடையாள அட்டையிலிருக்கும் முத்திரை விழுந்த படத்தை வீட்டுக்காரர் கொண்டுவருவார்கள். நான் முத்திரையை அழித்து, கோட்டும் கழுத்துப்பட்டியும் போட்டு, பின்னால் நீல வானம் வைத்து, கீழே ஒரு விளக்கு ஏற்றிக் கொடுப்பேன். எல்லாருக்கும் ஒரே கோட்தான். துறைமுகத்துக்குள் கடற்படை தண்ணிக்கடியில் வெடி போடும்போது கண்ணாடி யன்னல் அதிரும், திரையில் இருப்பவரும் ஒருதரம் நடுங்குவார். எனக்குப் பயம்தான். சொல்ல என்ன வெட்கம்.

அந்த அம்மா சம்பூரிலிருந்து வந்தவர். மூதூருக்கு வந்து, லோஞ்ச் படகு ஏறி, இறங்குதுறையிலிருந்து வெயிலில் நடந்து வந்திருந்தார். அவருடைய மகன் வள்ளத்து என்ஜினுக்குச் சாமான் வாங்க எங்கள் ரவுண் கடைக்கு வந்தவன், ஆமியின் சுற்றிவளைப்பில் பிடிபட்டான். வாகனத்தில் ஏற்றியதைக் கண்டவர்கள் இருந்தார்கள். ஏற்றினோம் என்று சொல்லத்தான் ஒருவரும் இல்லை. அது நடந்து வருடங்கள் போய்விட்டன. அவரிடமிருந்தது மகன் பள்ளிக்கூடத்தில் எடுத்த படம், எண்ணெய் வைத்து இழுத்த தலையும் மீசை முளைக்காத முகமும்.

"முகாமில இதைக் காட்டினா, இந்தச் சின்னப் பொடியனை ஆரம்மா பிடிச்சது எண்டு சிரிக்கிறாங்கள்" என்றார். "அவனுக்கு இப்ப வயசு போயிருக்கும். போன வயசைப் போட்டுத் தா பிள்ளை."

மீசை வைத்துப் பார்த்தேன். நாடகத்தில் ராசா வேசம் கட்டியவன் போல இருந்தான். அந்த அம்மாவே வேண்டாமென்று தலையாட்டினார். பிறகு, "அவன் தகப்பன்ர அச்சு எண்டு எல்லாரும் சொல்லுறவை" என்றார்.

கடைக்குட்டிக்கு ஒரு வித்தை தெரியும். ஒரு முகத்தை இன்னொரு முகமாக மெல்ல மெல்ல மாற்றும். கலியாண வீடியோக்களில் மாப்பிள்ளையைப் பொம்பிளையாக மாற்றிக் காட்டி அண்ணை கைதட்டு வாங்குவார். கண்டறியாத பகிடி என்று எனக்கு எரிச்சல். ஆனால் தகப்பனின் படம் இருந்தால் மகனை அந்தப் பக்கமாகக் கொஞ்சத் தூரம் நடத்திவிடலாம் என்று பட்டது.

அண்ணை ஒரேயடியாக மறுத்துவிட்டார். தகப்பன் காய்ச்சலில் செத்துப்போன மனிதர். "விளக்கு வைச்ச படத்தையும் உயிரோட தேடுற பிள்ளையின்ர படத்தையும் கலக்கப்படாதம்மா. அது நல்லதில்லை."

அந்த அம்மா எழும்பிப் போனார். அடுத்த கிழமை, சட்டத்திலிருந்து கழற்றிய படத்தைச் சேலைத் துண்டில் சுற்றிக்கொண்டு வந்தார். "சந்தனப் பொட்டைத் துடைச்சிட்டன். மாலையும் கழட்டியாச்சு. மகன் வருமட்டும் உங்களுக்கு விளக்கில்லை எண்டு அவருக்குச் சொல்லிப்போட்டு வந்தனான்" என்றார். அண்ணை வெளியே போய் நின்றுகொண்டார்.

இடது பக்கத்தில் மகனை வைத்தேன், வலது பக்கத்தில் தகப்பனை. மவுஸைப் பிடித்து மெல்ல நகர்த்தினேன். தாடை அகன்றது. கன்னம் உள்ளே போனது. நெற்றி ஏறியது. பள்ளிக்கூடப் பொடியன் எங்கள் கண்முன்னே ஒவ்வொரு வருடமாகப் போனான். இன்னும் கொஞ்சம் நகர்த்தினால் செத்த மனிதர் வந்துவிடுவார். எங்கே நிறுத்துவதென்று எனக்கு எப்படித் தெரியும்? பாதித் தூரத்தில் அந்த அம்மா என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"நில்லு."

திரையில் ஒருவன் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். உலகத்தில் எந்தக் கமராவும் எடுக்காத முகம் அது. அவனுடைய இடது புருவத்தில் ஒரு வெட்டு மங்கலாகத் தெரிந்தது. தகப்பனுடைய வெட்டு, இளவயதில் விறகு தெறித்த காயமாம்.

"உங்கட மகனுக்கு இது இல்லைத்தானே, அழிச்சு விடுறன்" என்றேன்.

"ஓம், அவனுக்கில்லை. விடு பிள்ளை. அவரும் கூடப்போய்த் தேடட்டும்."

அவர் சொன்ன அந்தக் கதை எனக்குப் பிடித்துப்போயிற்று. அப்படியே விட்டு, பல பிரதிகள் அடித்துக் கொடுத்தேன்.

மழைக்காலம் முடிந்தபின் ஒருநாள் பகல், அந்த அம்மா ஒரு மனிதரைக் கூட்டிக்கொண்டு வந்தார். தடுப்பு முகாமிலிருந்து அப்போதுதான் விடுபட்டவர், கையில் நான் அடித்த படம். அவரை எனக்கு முன்னால் கதிரையில் இருத்தி, "இவதான் படம் செய்தவ, இவவுக்கும் சொல்லுங்கோ" என்றார்.

"ஒரே கொட்டிலுக்க இருந்தனாங்கள்" என்றார் அந்த மனிதர். "கனக்கக் கதைக்கமாட்டார். எங்களுக்கு முதலே அவரை வேற இடத்துக்கு மாத்திட்டாங்கள். உண்மையைச் சொன்னா முகம்கூட எனக்கு வடிவா ஞாபகமில்லை. இந்தப் புருவத்து வெட்டைத்தான் மறக்க ஏலாமக் கிடக்கு."

மகனுக்கு இல்லாத வெட்டு அது. அவர் பொய் சொல்ல வந்தவராகத் தெரியவில்லை. காசு எதுவும் கேட்கவில்லை, கொடுத்த தேத்தண்ணியைக்கூடப் பாதியில் வைத்துவிட்டார். கடைக்குட்டியில் நான் நிறுத்திய ஒருவன், எங்கேயோ ஒரு கொட்டிலுக்குள் போய் இவருக்குப் பக்கத்தில் படுத்திருக்கிறான். நான் அந்த அம்மாவைப் பார்க்கப் பயந்து மவுஸைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"மெலிஞ்சு போனவனோ?" என்று அந்த அம்மா அவரிடம் கேட்டார்.

"கொஞ்சம், அம்மா."

"சாப்பாடு சாப்பிடுறவனோ?"

"ஓம். சோறு குடுத்தவங்கள்."

அந்த மனிதர் போனபின் எனக்கு அழுகையும் வந்தது, கோபமும் வந்தது. ஆரில் கோபமென்று தெரியவில்லை. "அம்மா, அந்த வெட்டு" என்று தொடங்கினேன்.

"தெரியும் பிள்ளை. கடைசியா தகப்பன்ர முகத்தைக் கழுவித் துடைச்சது நான்தானே."

"அழிச்சுப்போட்டு வேற பிரதி அடிச்சுத் தரட்டோ?"

"அழிச்சுப் போடாத." அவர் கதிரையை எனக்குக் கிட்ட இழுத்துப் போட்டுக்கொண்டு இருந்தார். "இன்னும் கொஞ்சம் ஆழமாத் தெரியப் பண்ணு. ஆக்கள் அதைத்தான் ஞாபகம் வைச்சிருக்கினம்."

கடைக்குட்டியை முடுக்கினேன். அவனுடைய படத்தைத் திறந்து, புருவத்தைப் பெரிதாக்கி, வெட்டின் நடுவில் கறுப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினேன். அந்த அம்மா திரைக்கு மிகக் கிட்ட வந்து, கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"இப்ப சரி" என்றார்.