படிக்காமல் போட்ட கையெழுத்து

முதுகுவலி தாளாமல், நாங்கள் இருக்கும் போபோடியிலிருந்து மருமகளோடு ரிக்ஷா பிடித்து, எலும்பை நெட்டி முறித்துச் சரிசெய்யும் கைரோபிராக்டரிடம் போனேன். இங்கிலீஷ் படிவம் ஒன்றை நீட்டினார்கள். படிக்கத் தெரியாது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எல்லாவற்றுக்கும் ஒரே பக்கமாக டிக் போட்டுக் கையெழுத்திட்டேன்.

மேசையில் குப்புறப் படுத்த பிறகுதான், ரிக்ஷாவுக்குக் காசு கொடுத்துவிட்டு உள்ளே வந்த மருமகள் அந்தப் படிவத்தைப் பார்த்தாள். “கீழ விழுந்தீங்களான்னு கேட்டிருக்கு, இல்லைன்னு போட்டிருக்கீங்களே அத்தை! போன மாசம் பாத்ரூம்ல விழுந்தது யாரு, நானா?”

கைரோபிராக்டர் என் முதுகிலிருந்து கையை எடுத்துவிட்டு எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். முதுகெலும்பில் விரிசல். அன்று நெட்டி முறித்திருந்தால் கால் விளங்காமல் போயிருக்கும் என்றார் எக்ஸ்ரேயைப் பார்த்த டாக்டர். மாதக்கணக்கில் படுக்கை, இப்போது பிசியோதெரபி பெண்ணிடம் சலிக்கச் சலிக்கக் காலை மடக்கி நீட்டுகிறேன்.

நான் சொல்ல மருமகள் எழுதிய இந்தக் கடிதத்தையும் இரண்டு முறை வாசிக்கச் சொல்லிக் கேட்டுத்தான் கையெழுத்திட்டிருக்கிறேன்.