செருப்பு மாட்டிக்கொண்டு பேசும் தமிழ்

எங்கள் வீட்டில் சண்டை போட வேண்டுமென்றால் முதலில் செருப்பு மாட்டிக்கொள்ள வேண்டும். பிறகு கதவைத் திறந்து படிக்கட்டுப் பக்கம் வந்து, எதிர்வீட்டு ஓனர் ஆண்ட்டி போட்ட கோலத்தை மிதிக்காமல் ஆளுக்கொரு ஓரமாக ஒதுங்கி நின்று, அதற்குப் பிறகுதான் ஆரம்பிக்கலாம். பெங்களூருக்கு வந்து ஆறு வருடம் ஆகிறது. பொம்மனஹள்ளியில் மாதம் தவறாமல் வாடகை கட்டிக் குடியிருக்கும் கௌரவமான குடும்பம் நாங்கள். ஆரணியில் இருக்கும் என் தம்பி இதைக் கேட்டுவிட்டு, "ஏன்க்கா, உள்ள இடம் பத்தலியா?" என்றான். இடமெல்லாம் தாராளமாக இருக்கிறது, வீட்டுக்குள் தமிழ் பேசக்கூடாது என்பதுதான் சட்டம் என்றேன். அவன் சிரித்த சிரிப்பில் போன் என் காதிலிருந்து நழுவிவிட்டது.

ஊரில் இருப்பவர்களுக்கு விளக்க வேண்டும். இங்கே நாலு வயதுப் பிள்ளையைப் பள்ளியில் சேர்க்க, பிள்ளையை மட்டும் பார்த்தால் போதாது என்று நினைக்கிறார்கள். அப்பாவையும் அம்மாவையும் உட்கார வைத்துக் கேள்வி கேட்கிறார்கள். என் அப்பா பஸ் கண்டக்டர். டூட்டிக்குப் போகிற வழியில், தோளில் பையோடு என்னைக் கொண்டுபோய் நிறுத்தினார். தலைமையாசிரியர் அவரிடம் கேட்டது ஒரே கேள்வி. "சாப்பாடு கட்டிக் குடுப்பியா, இல்ல இங்கயே சாப்புடுமா?" இங்கேயே சாப்பிடும் என்றார் அப்பா. அவ்வளவுதான், நான் படித்தவளாகிவிட்டேன். பி.காம். முடித்து, இன்று ஒரு கம்பெனியில் மற்றவர்களுக்குச் சம்பளம் போட்டுக் கொடுக்கும் வேலையில் இருக்கிறேன். என் மகள் இனியாவுக்கு மட்டும் இந்த ஒரு கேள்வி போதவில்லை.

இன்டர்வியூவுக்குத் தயார் செய்ய ஒரு மாலினி மேடம் கிடைத்தார். மல்லேஸ்வரத்தில் மூன்று தலைமுறையாக வேரூன்றிய தமிழ்க் குடும்பம். தமிழிலிருந்து கன்னடத்துக்கும் அங்கிருந்து ஆங்கிலத்துக்கும் ஒரே மூச்சில் தாவுவார். எங்களைப் போல நேற்று பஸ் ஏறி வந்தவர்களைப் பார்த்தால் அவருக்கு ஒரு கருணை பொங்கும். சனிக்கிழமைகளில் பெற்றோர்களை ஹாலில் உட்கார வைத்து வினைச்சொல் பாடம் எடுப்பார். பிள்ளையை வளர்ப்பதற்கு எங்களிடம் இருந்தது ஒரே சொல். செடியையும் வளர்ப்போம், நாயையும் வளர்ப்போம், மீசையையும் வளர்ப்போம், பிள்ளையையும் வளர்ப்போம், இதுவரை எதற்கும் குழப்பம் வந்ததில்லை. மேடமோ, க்ரோ என்றால் கத்தரிக்காய், ரியர் என்றால் கோழி, லுக் ஆஃப்டர் என்றால் ஆயா செய்கிற வேலை, பிரிங் அப் என்பதுதான் பெற்றோர் செய்வது என்று பிரித்துக் கொடுத்தார். பிள்ளை அடம் பிடித்தால் கிவ் இன் செய்வீர்களா, கிவ் அப் செய்வீர்களா என்று கேட்பார்களாம். இரண்டுமே தப்பு, பேசிப் புரியவைப்போம் என்கிற அர்த்தத்தில் டாக் இட் த்ரூ என்று சொல்ல வேண்டுமாம். அடம் பிடித்தால் நாங்கள் போனைக் கையில் கொடுத்துவிடுவோம். அந்த ஹாலில் இருந்த எல்லோரும் அதைத்தான் செய்கிறார்கள். ஆனாலும் எல்லோரும் பயபக்தியோடு எழுதிக்கொண்டார்கள், நானும் எழுதிக்கொண்டேன்.

கடைசி நாள், டாக்டர் உப்பைக் குறைக்கச் சொல்லும் தோரணையில் மேடம் சொன்னார். "சொல்ப நாள் வீட்டுல தமிழ் பேடா. குழந்தைக்கு கன்ஃப்யூஸ் ஆயிடும். சீட் கெடச்சதும் எவ்ளோ வேணா பேசிக்கங்க." கொஞ்ச நாளைக்கு வீட்டில் தமிழ் வேண்டாம் என்ற இந்தப் பேச்சு என் கணவர் சரவணனுக்கு வேதவாக்கு. கிருஷ்ணகிரிக்காரர். ஆபீஸ் மீட்டிங்கில் வாயே திறக்காதவர், அன்று ராத்திரியிலிருந்து வீட்டில் ஆங்கில அதிகாரி ஆகிவிட்டார்.

ஆங்கிலத்தில் குடும்பம் நடத்திப் பார்த்தால்தான் தெரியும் அந்தக் கூத்து. விளக்கைப் புட் ஆஃப் செய்வதா, டர்ன் ஆஃப் செய்வதா, சுவிட்ச் ஆஃப் செய்வதா என்று முடிவாவதற்குள் கரண்ட்டே போய்விடும். டேக் என்ற ஒரே சொல்லுக்குப் பின்னால் ஆஃப், ஆன், இன், அவுட், அப், ஓவர் என்று எதை ஒட்டினாலும் வேறு வேறு வேலை நடக்கிறது. எனக்கு வேண்டியிருந்ததோ நம்முடைய ஒரே ஒரு ஒட்டு. சாப்பிட்டுத் தொலைங்க, குளிச்சுத் தொலைங்க, சொல்லித் தொலைங்க. அந்தத் தொலையை வைக்க அவர்கள் மொழி முழுக்கத் தேடியும் இடம் கிடைக்கவில்லை. 'ப்ளீஸ் ஈட்' என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டு சொல்வதை, மனைவிக்கு மரியாதை கூடிவிட்டது என்று சரவணன் எடுத்துக்கொண்டார்.

ஒரு நாள் குக்கர் விசில் அடித்துக்கொண்டே இருந்தது. என் கையெல்லாம் மாவு. அடுப்பை ஆஃப் பண்ணச் சொல்லி ஆங்கிலத்தில் ஏதோ கத்தினேன். அவர் எழுந்து வந்து, அடுப்பைத் தொடாமல் என் வினைச்சொல்லைத் திருத்தினார். டர்ன் இட் ஆஃப் என்று சொல்ல வேண்டுமாம். பருப்பு அடிபிடித்த வாசனை வந்தது. அவர் சட்டைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்தேன், செருப்பு மாட்டியது பழக்க தோஷம். படிக்கட்டில் நின்று ஒரு மாதத் தமிழை மொத்தமாக இறக்கி வைத்தேன். அவரும் சளைக்கவில்லை. "அதான் சொல்றன், இன்டர்வியூல நீ ஒண்ணும் பேசாத வித்யா. சும்மா சிரிச்சிட்டு உக்காந்திரு, நான் பாத்துக்கறன்" என்றார். என் பிள்ளையைப் பற்றிப் பேச எனக்குத் தகுதி இல்லை என்று தாலி கட்டியவர் வாயாலேயே கேட்டதில் எனக்கு அழுகை முட்டியது. கதவிடுக்கில் இனியா நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்றிலிருந்து அது வழக்கமாகிவிட்டது. கோபமோ அழுகையோ வந்தால் வெளியே போவோம், பேசி முடித்து உள்ளே வருவோம். எதிர்வீட்டு பாக்யம்மாவுக்கு, அவர்தான் ஓனர் ஆண்ட்டி, தமிழ் வராது. சரவணன் என்னைத் தினமும் வீட்டைவிட்டு விரட்டுகிறார் என்று அவராகவே முடிவு செய்துகொண்டார். ஒருமுறை கதவைத் திறந்து, "யாக்கம்மா? ஒளகே பா, காபி குடி" என்று, ஏன்மா, உள்ளே வா என்கிற தோரணையில் என் கையைப் பிடித்து இழுத்தார். எனக்குத் தெரிந்த அரைகுறைக் கன்னடத்தில், இங்கிலீஷ் படிக்கிறோம் ஆண்ட்டி என்று விளக்கினேன். அவர் சரவணனைப் பார்த்த பார்வை இன்னும் மோசமானது. வாடகை வாங்கும்போது மட்டும் சிரிக்கிற மனுஷி, அன்று எனக்குக் காபியில் கூடுதலாகச் சர்க்கரை போட்டார்.

இன்டர்வியூ அன்று சரவணன் மனப்பாடம் செய்ததை ஒப்பித்தார், நான் சிரித்தேன். எதிரில் இருந்த ஆசிரியை இனியாவிடம் ஒரு படத்தை நீட்டி, அந்தப் பையன் என்ன செய்கிறான் என்று ஆங்கிலத்தில் கேட்டார். இனியா படத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். சத்தம் குறைத்து, "அம்மா, வெளிய போலாமா?" என்றாள். என்ன சொல்கிறாள் என்று ஆசிரியை கேட்டதும், சரவணன் ஒரு நொடிகூடத் தயங்காமல் "டாய்லெட், மேம்" என்றார். கேட்டுவிட்டுப் போகிற பழக்கம் நல்ல பழக்கம் என்று ஆசிரியை பூரித்துப் போனார்.

வராந்தாவில் கதவு மூடியதும் இனியா என் புடவையைப் பிடித்து இழுத்தாள். "அந்தப் பையன் ஷூ மாட்றான்மா. கால மாத்தி மாட்டிட்டான். அவங்கம்மா பாக்கவே இல்ல." கேட்டதற்கு மேலேயே பதில் இருந்தது அவளிடம். அதை உள்ளே போய்ச் சொல்லும்மா என்றேன். உள்ளே சொல்லக் கூடாதே என்றாள். திரும்பிப் போய் உட்கார்ந்தோம், நான் மறுபடியும் சிரித்தேன்.

சீட் கிடைத்துவிட்டது. எங்கள் ஆங்கிலத்துக்காகக் கிடைத்ததா, மகளின் டாய்லெட் ஒழுக்கத்துக்காகக் கிடைத்ததா என்று தெரியவில்லை. மாலினி மேடம் தன்னால்தான் என்று வாட்ஸாப்பில் போட்டுக்கொண்டார். சரவணன் கேசரி வாங்கி வந்து, இனிமேல் வீட்டுக்குள் தமிழ் பேசலாம் என்று ஏதோ வரியை ரத்து செய்வது போல அறிவித்தார். நாங்கள் பேசினோம். முதல் இரண்டு நாள் ருசியாக இருந்தது. இனியா மட்டும் மாறவில்லை. உள்ளே இருக்கும்வரை 'எஸ் அம்மா, நோ அம்மா' என்று பள்ளிக்கூடத்துப் பிள்ளையாகவே இருந்தாள். நான் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள், அதுவும் ஒரு சொல்தான். என் மகள் என்னிடம் கதை சொல்லி எத்தனையோ நாளாயிற்று. எந்தப் பள்ளியும் இதைப் பற்றி ஒரு கேள்வி கேட்கவில்லை.

போன வாரம் சாயங்காலம் தயிர்சாதம் வேண்டாம் என்று தட்டைத் தள்ளினாள். நான் அதட்டினேன். அழாமல் எழுந்தாள். அலமாரிக்குப் பக்கத்தில் இருந்த தன் குட்டிச் செருப்பை எடுத்து மாட்டினாள். எக்கி நின்று தாழ்ப்பாளைத் திறந்து வெளியே போய், படிக்கட்டில் நின்றுகொண்டு அழத் தொடங்கினாள். "நீ கெட்ட அம்மா. எனக்கு உன்னப் புடிக்கல. நீ என்ன அடிக்கிற மாரி பாக்கற" என்று தெளிவான தமிழில், மூச்சு விடாமல், எத்தனையோ நாள் சேர்த்து வைத்ததை எல்லாம் கொட்டினாள். என்னைத் திட்டுகிறாள் என்பது உறைக்கக்கூட இல்லை. என் பிள்ளை பேசுகிறாள் என்று கேட்டுக்கொண்டே நின்றேன்.

பிறகு அவளைக் கூப்பிட வேண்டுமே. தயிர்க் கையோடு நிலைப்படியில் ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே வைத்து நின்றேன். கம் இன் என்றால் விருந்தாளியை அழைப்பது. கம் பேக் என்றால் ஓடிப்போனவளை அழைப்பது. உள்ள வாடா கண்ணு என்றால், அந்த உள்ளேயில் அவளுக்குத் தமிழ் கிடையாது, நாங்கள்தான் இல்லாமல் செய்தோம். இத்தனை சொல் கைவசம் வைத்துக்கொண்டு ஒன்றையும் எடுக்கத் தெரியாமல் நின்ற என்னைப் போல ஒரு முட்டாள் அந்தத் தெருவிலேயே இருந்திருக்க மாட்டாள்.

எதிர்க்கதவு திறந்தது. பாக்யம்மா எட்டிப் பார்த்து, அழாதே பாப்பா, உள்ளே வா என்று கன்னடத்தில் கூப்பிட்டார். "யாக்கே புட்டி, அளபேடா. ஒளகே பா."

"பந்தே ஆண்ட்டி," இதோ வந்துட்டேன் என்றாள் இனியா. கண்ணைத் துடைத்துக்கொண்டு, கோலத்தை மிதிக்காமல் சுற்றிப் போய், அந்த வாசலில் செருப்பைக் கழற்றி ஜோடியாக வைத்துவிட்டு உள்ளே போனாள். கதவு பாதி சாத்திக்கொண்டது. அந்தப் பக்கம் அவள் குரல் கேட்டது, கன்னடத்தில் ஏதோ நீளமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். எப்போது கற்றாள் என்று எனக்குத் தெரியாது.

ஹாலிலிருந்து சரவணன் குரல் கொடுத்தார். "வித்யா, பாப்பா எங்க, வெளியவா உள்ளவா?"

எதிர்வாசலில் இருந்த அந்தக் குட்டிச் செருப்புகளையே பார்த்துக்கொண்டு நின்றேன்.