அழிக்கும் முன் ஒரு போன்

கணினியைத் திறப்பதற்கு முன் யோகேஸ்வரி தன் ஆறு வளையல்களையும் கழற்றி ஒரு பிஸ்கட் டின்னுக்குள் போடுகிறார். பிறகு மேசைக்குப் பக்கத்தில் ஓடும் இரும்புக் குழாயை ஒருமுறை தொடுகிறார். உடம்பில் இருக்கும் மின்சாரம் இறங்கிவிட வேண்டுமாம். கூலிம் ஊரின் மின்னணுத் தொழிற்சாலையில் பன்னிரண்டு வருடம் வேலை பார்த்ததில் வந்த பழக்கம். வீட்டில் ஃபிரிட்ஜைத் திறக்கும்போதுகூடக் கை குழாயைத் தேடுவதாக அவரே சொல்லிச் சிரிப்பார்.

அலோர் ஸ்டாரில் ஒரு மளிகைக் கடையின் மாடியில் இருக்கிறது அவருடைய பழுது பார்க்கும் கடை. வயது நாற்பத்தேழு. பாலிங் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவர். வந்து சேரும் ஒவ்வொரு கணினியின் மேலும் காகித நாடா ஒட்டி, குறையை வாடிக்கையாளர் சொன்ன வார்த்தையிலேயே எழுதி வைப்பார். ‘தூங்குது.’ ‘சும்மா சும்மா கோவிச்சுக்குது.’ ‘மருமகன் தொட்டதிலேருந்து இப்படி.’ ‘நான் ஒன்னுமே செய்யல’ என்பதை மட்டும் எழுத மாட்டார். “அது எல்லாரும் சொல்றதுதான் லா. டேப்புதான் வேஸ்ட்.”

எதையும் அழிப்பதற்கு முன் அவர் அந்த வீட்டுக்குப் போன் செய்வார். ஆறு வருடங்களுக்கு முன் சுப்பிரமணியம் என்ற பள்ளிக் குமாஸ்தா, “பழசுல ஒன்னும் இல்ல, அடிச்சிருங்க” என்றார். யோகேஸ்வரியும் அழித்துவிட்டார். மறுநாள் அவர் மனைவி படியேறி வந்து, குழந்தையின் முதல் பிறந்தநாள் படங்களைக் கேட்டு அழுதார். யோகேஸ்வரி மூன்று நாள் முயன்றும் நான்கு படங்கள்தான் மீண்டன. அதிலிருந்து, கணினியைக் கொண்டுவருகிறவர் சொல்வதை மட்டும் வைத்து அவர் எதையும் அழிப்பதில்லை.

போன சனிக்கிழமை என் மடிக்கணினிக்காக அங்கே காத்திருந்தேன். நீர்ப்பாசன இலாகாவில் இருந்து ஓய்வு பெற்ற நடராஜா, மேசைக் கணினியின் பெட்டியை மூச்சிரைக்கத் தூக்கிக்கொண்டு வந்தார்.

“இதில ரெண்டு விண்டோஸ் கிடக்கு, பிள்ளை. ஒவ்வொருக்காவும் எது வேணுமெண்டு கேக்குது. பழசைக் கழட்டி விடுங்கோ.”

“பழசுல என்ன இருக்கு, அங்கிள்?”

“ஒரு மண்ணும் இல்லை.”

“வீட்டுல வேற யாரு தொடுறாங்க?”

“மனிசி எப்பவாவது. அவவுக்கு இதெல்லாம் விளங்காது.”

“ஆன்ட்டி நம்பர் குடுங்க.”

நடராஜா கூரை முகட்டைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். என்னையும் ஒருமுறை பார்த்தார். பிறகு எண்களை ஒவ்வொன்றாக, விருப்பமில்லாமல் சொன்னார். யோகேஸ்வரி கைப்பேசியின் ஒலிபெருக்கியைப் போட்டார்.

“பழசையோ!” என்றது அவர் மனைவி தங்கமலரின் குரல். “என்ர சீட்டாட்டம் அதிலதானே கிடக்கு! அவர் கோயிலுக்கெண்டு சொல்லித்தானே வெளிக்கிட்டவர்! கை வையாதேங்கோ, நான் வாறன்.”

அவர் வருவதற்குள் யோகேஸ்வரி பெட்டியைத் திரையோடு இணைத்துப் பழைய விண்டோஸை எழுப்பினார். சீட்டாட்டத்தைத் திறந்தால் கணவனுக்கும் மனைவிக்கும் தனித்தனிப் பெயர்கள். தங்கமலர் மூவாயிரத்துச் சொச்சம் ஆட்டம் ஆடியிருந்தார். நூற்றுக்கு நாற்பத்தொன்றில் வெற்றி. நடராஜா ஆடியது இருநூற்றுப் பன்னிரண்டு, நூற்றுக்கு ஒன்பது.

யோகேஸ்வரி சிரிப்பை அடக்க உதட்டை இறுக்கிக்கொண்டார்.

“அது புதுசாப் பழகேக்க விளையாடினது,” என்றார் நடராஜா.

“சரி, அங்கிள்.”

“மவுசும் சரியில்லை.”

“சரி, அங்கிள்.”

“பிள்ளையள் போன் எடுத்தாலும் அவ இதைத்தான் சொல்லுவா. அப்பா இண்டைக்கும் தோத்துப்போனார் எண்டு.”

இதற்கு யோகேஸ்வரி ‘சரி’ சொல்லவில்லை. நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப்போட்டார்.

தங்கமலர் இருபது நிமிடத்தில் வாடகைக் காரில் வந்து இறங்கினார். கணவரிடம் ஒரு வார்த்தை பேசாமல் யோகேஸ்வரியைப் பார்த்து, “இதை அப்பிடியே புதுசுக்கு மாத்தேலாதோ, பிள்ளை?” என்றார்.

“தக் போலே ஆன்ட்டி, முடியாது. அந்த கேம் புதுசுல ஓடாது. ஆனா பழசை வச்சிருக்கறதும் நல்லதில்ல. அதுக்குப் பாதுகாப்பு அப்டேட் வர்றது நின்னு எவ்வளவோ நாளாச்சு. பேங்க் வேலையும் இதுலதானே செய்றீங்க? நீங்க ரெண்டு பேரும் சரின்னு சொன்னாதான் கை வைப்பேன். அடிச்சா அடிச்சதுதான் லா.”

தங்கமலர் தன் நாற்பத்தொன்றை நெடுநேரம் பார்த்தார். “சரி, எடுத்துவிடுங்கோ. ஆனா ரெண்டு பேரும் சைபரில இருந்துதான் தொடங்கவேணும்.”

“அதைத்தானே நானும் சொன்னனான்,” என்றார் நடராஜா. அவர் அப்படி ஒன்றும் சொல்லியிருக்கவில்லை.

யோகேஸ்வரி வேலையைத் தொடங்கினார். தங்கமலரின் வெற்றிக் கணக்கை முதலில் ஒரு தாளில் அச்சடித்துக் கொடுத்தார். அது உடனே கைப்பைக்குள் போனது. படங்களையும் கடிதங்களையும் புதிய பக்கத்துக்கு நகலெடுத்தார். கணினியை எழுப்பிவிடும் கோப்புகள் பழைய பகுதியில்தான் இருந்தன. “இதை மாத்தாம பழசைத் தூக்கினா புதுசும் எழுந்திருக்காது” என்று அவற்றை இடம் மாற்றி, மூன்று முறை அணைத்துப் போட்டுப் பார்த்தார். அதன் பிறகே பழைய பகுதியை அழித்து, காலியான இடத்தைப் புதியதோடு சேர்த்தார். இம்முறை கணினி எது வேண்டும் என்று கேட்காமல் நேராகத் திறந்தது. புதிய சீட்டாட்டம் ஒன்றையும் அதில் ஏற்றினார்.

“டெஸ்ட் பண்ணிப் பாருங்க” என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் நடராஜா நாற்காலியில் இருந்தார்.

நாலாவது நிமிடத்தில் ஆட்டம் நின்றது. நடராஜா தாடையைத் தடவினார். கறுப்பு ஒன்பதைத் தூக்கிச் சிவப்புப் பத்தின் மேல் வைத்தால் வழி திறக்கும், எனக்கே தெரிந்தது. தங்கமலருக்கு எப்போதோ தெரிந்திருக்க வேண்டும். அவர் சன்னல் வழியாக வீதியைப் பார்க்கத் தொடங்கினார்.

யோகேஸ்வரி மேசையிலிருந்து ஒரு மஞ்சள் துணியை எடுத்தார். “ஸ்க்ரீன்ல தூசி, அங்கிள்” என்று மேலிருந்து கீழாகத் துடைத்துக்கொண்டே வந்தவரின் விரல், துணியோடு, அந்தச் சிவப்புப் பத்துக்குப் பக்கத்தில் வந்ததும் சற்று நேரம் நின்றது.