கம்பியோடு போன வெடி

மில்லிக்கன் பகுதியிலிருந்த தன் வீட்டுக் கராஜுக்குள் இரண்டு குளிர்காலம் குந்தியிருந்து, வாய்வழியே மருந்தும் குண்டும் அடைத்துச் சுடும் பழங்காலத் துவக்கொன்றைக் கஸ்பர் செய்து முடித்தார். சுடுவது தன் வேலை, அடைத்துக் கொடுப்பது பிஸ்கற் ஃபக்டரியில் பெட்டி அடுக்கும் மனைவி கிளடிஸின் வேலை என்பது அவருடைய சட்டம்.

தொண்ணூற்றாறாம் ஆண்டு மார்கழியில், விட்பி நகருக்கு வடக்கே ஒரு காட்டில், மாட்டுக்கு அண்ணன் போன்ற கொம்பன் மானொன்றைச் சுட்டு விழுத்தினார். வெறுந்துவக்கை அவளிடம் கொடுத்துவிட்டுக் கத்தியோடு ஓடினார்.

"பொறுங்கோ, அது சாகேல்லை," என்றாள் கிளடிஸ்.

"நீர் உம்மடை வேலையைப் பாரும்."

மான் எழுந்தது. கொம்பு அவருடைய தொடைக்குள் ஏறியது. ஆளைத் தூக்கி மேப்பிள் மரத்தோடு அடித்தது, பனியெல்லாம் இரத்தம். மறுபடியும் குத்தத் தலையைத் தாழ்த்தியது. கிளடிஸ் அதற்குள் மருந்தும் குண்டும் மறுபடி அடைத்திருந்தாள், ஆனால் குண்டை இறுக்கிய இரும்புக் கம்பி இன்னும் குழலுக்குள்ளேயே நின்றது. உருவ நேரமில்லை, உருவாமல் சுட்டால் குழல் வெடித்து அவள் முகமே போகலாம்.

கிளடிஸ் விசையை இழுத்தாள். கம்பி மானின் கழுத்தைத் துளைத்து, நின்ற நிலையிலேயே அதை மரத்தோடு ஆணிபோல அறைந்தது. குழல் பிளந்து அவளுடைய இடக்கைப் பெருவிரல் பறந்தது.

"ஐயோ, என்ரை துவக்கு," என்று முனகினார் கஸ்பர்.

அவள் கையைச் சால்வையால் சுற்றினாள்.

"அடுத்ததை நான் செய்யிறன். நீங்கள் அடைச்சுக் குடுக்கப் பழகுங்கோ."