எல்லாக் கிழமையும் விரதம்

போன வாரம் வாய்மொழித் தேர்வு நடத்த ஒரு பல்கலைக்கழகத்துக்குப் போயிருந்தேன். ராசிபுரம் பக்கம் இருக்கிறது. பேர் வேண்டாம், நான் முதன்முதலில் வேலை பார்த்த இடம் என்பது போதும். தேர்வை முடித்துவிட்டுப் படியிறங்கும்போது கம்பு வேகும் வாசனை வந்தது. பல்கலைக்கழகத்தில் பினாயில் வாசனை வரும், பழைய புத்தக வாசனை வரும், கம்பு வாசனை எங்கிருந்து வரும்? மூக்கு போன பக்கம் நானும் போனேன்.

நூலகத்தை ஒட்டி நீளமாக ஓர் அலமாரி. ஒரு கூடை நிறைய அவித்த முட்டை. நாமக்கல் பக்கத்தில் முட்டைக்கா பஞ்சம்? அதற்கு அடுத்து ராகி உருண்டை, ஒரு சீப்பு வாழைப்பழம், பெரிய பாத்திரத்தில் ஆவி பறக்கும் கம்பஞ்சோறு, பக்கத்தில் மோர். மேலே ஓர் அட்டை: ‘பசித்தால் எடுத்துக்கொள்ளுங்கள்.’ பூட்டு இல்லை, காவலுக்கு ஆளும் இல்லை. ஒரு மாணவி மட்டும் கூடையில் முட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். என்ன ஏற்பாடு இது என்று அவளிடம் கேட்டேன்.

விடுதிக்குப் பின்னால் சும்மா கிடந்த நிலத்தில் மாணவர்களே கம்பும் ராகியும் கீரையும் போடுகிறார்களாம். அதிகத் தண்ணீர் கேட்காத பயிராகப் பார்த்துப் போடுகிறார்களாம். யார் யார் சாப்பிடப் போகிறார்கள் என்று விடுதியில் காலையிலேயே சொல்லிவிடுவதால் சோறு மிஞ்சுவது குறைந்துவிட்டது. மிஞ்சினாலும் சூடு ஆறுவதற்குள் இந்த அலமாரிக்கு வந்துவிடும். தோலும் தண்டும் உரக்குழிக்குப் போகும், உரம் திரும்ப நிலத்துக்கே போகும்.

“யாரு வேணும்னாலும் எடுத்துக்கலாங்க மேடம். பேரெல்லாம் கேக்க மாட்டோம்” என்றாள்.

நல்ல காரியம், பாராட்டினேன். ஆனால் உங்களிடம் மறைப்பானேன், உள்ளே எனக்கு வந்தது சுத்தமான பொறாமை. ஒரு பையன் வந்தான், காதில் மாட்டியிருந்ததைக் கழற்றக்கூட இல்லை, ஒரு முட்டையை எடுத்து அலமாரியின் ஓரத்திலேயே தட்டி உரித்துக்கொண்டு போய்விட்டான். அவன் முகத்தில் ஒரு வெட்கம் வேண்டாமா? திரும்பிப் பார்க்க வேண்டாமா? எனக்கு வயிறு எரிந்தது.

ஏன் எரிந்தது என்று சொல்கிறேன். அந்தக் கட்டடத்தில் நான் கௌரவ விரிவுரையாளராக இருந்தேன். அந்த வேலையில் கௌரவம் மாதாமாதம் வரும், சம்பளம் அதற்கு எப்போது தோன்றுகிறதோ அப்போது வரும். வீடு இளம்பிள்ளையில். அப்பாவும் அண்ணனும் தறியில் உட்கார்ந்தால் மத்தியானம் வரைக்கும் எழுந்திருக்க மாட்டார்கள். அம்மா உலை வைப்பதே நான் பஸ் ஏறிப் போன பிறகுதான். எனக்காக விடியலில் அடுப்பைப் பற்ற வைத்து, இருக்கிற அரிசியில் ஒரு பங்கை டப்பாவில் அடைத்துக்கொண்டு போனால் தறியில் இருப்பவர்களுக்குக் குறையும். அதனால் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே அம்மாவிடம் சொல்லிவிட்டேன், யுனிவர்சிட்டியில் மத்தியானம் சோறு போடுகிறார்கள் என்று.

யுனிவர்சிட்டியில் எனக்கு யார் சோறு போட்டார்கள்? மத்தியானமானால் ஆசிரியர் அறையில் எல்லோரும் மேசையைச் சுற்றி உட்கார்ந்து டப்பாக்களைத் திறப்பார்கள். நான் சேர்ந்த முதல் வாரத்தில் ஒரு வெள்ளிக்கிழமை. அன்றைக்கு நிஜமாகவே விரதம். “நீ சாப்பிடலையாம்மா?” என்று கேட்டார்கள், விரதம் என்றேன். அடடா, என்ன மரியாதை! அடுத்த திங்கட்கிழமை டப்பா இல்லாமல் உட்கார்ந்திருந்தபோது, “இன்னைக்கும் விரதமா?” என்று அவர்களே கேட்டார்கள். ஆமாங்க என்று சொல்வது எவ்வளவு சுலபமாக இருந்தது தெரியுமா! திங்கள் சிவனுக்கு, செவ்வாய் முருகனுக்கு, வியாழன் தட்சிணாமூர்த்திக்கு, வெள்ளி அம்மனுக்கு. புதன்கிழமைக்குத்தான் சரியான சாமி அமையவில்லை. புதன்கிழமைகளில் நூலகத்துக்குப் போய்விடுவேன். நான் நிறையப் படித்ததெல்லாம் புதன்கிழமைகளில்தான்.

என் பக்கத்து நாற்காலி ஃபிலோமினா அக்காவுடையது. வசதியானவர்கள் குடியிருக்கும் ஃபேர்லேண்ட்ஸில் வீடு, நிரந்தர வேலை, ஞாயிறு தவறாமல் மாதா கோயிலுக்குப் போகிற வேதக்காரக் குடும்பம். அவர் டப்பாவைத் திறந்தால் அந்த அறையே திரும்பிப் பார்க்கும். மேட்டூர் அணை மீனில் புளி கரைத்து வைத்த குழம்பு, மேலே எண்ணெய் மிதக்கும். ஒரு நாள் முட்டைத் தொக்கு. ஒரு நாள் பச்சைப்பயறு கடைந்து, கூடவே அப்பளம். அக்காவின் மேல் எனக்கு வந்த பொறாமையை எதில் சேர்ப்பது என்று தெரியவில்லை. அவர் வேலை மேலோ, சேலை மேலோ, ஃபேர்லேண்ட்ஸ் வீட்டின் மேலோ எனக்கு ஒன்றுமில்லை. டப்பாவின் மேல்தான்.

அந்த அம்மாளோ நல்ல மனசு. விரதக்காரிக்கு மீன் வாசம் அடிக்கக் கூடாது என்று நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு, எனக்கு முதுகைக் காட்டித்தான் சாப்பிடுவார். “மன்னிச்சுக்கோம்மா, இன்னைக்கு மீனு. ஒனக்குத் தொந்தரவா இருக்கும்” என்பார். தொந்தரவாகத்தான் இருந்தது. மறைக்கிற முதுகைத் தாண்டி வாசனை வந்துவிடும், பார்க்கத்தான் முடியாது.

ஒரு வெள்ளிக்கிழமை துறைத்தலைவருக்குப் பேரன் பிறந்த சந்தோஷம். எல்லோருக்கும் பிரியாணி. என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். எழுந்து ஓடினேன். “நீங்க வெரதம்னு மறக்கலீங்க, தனியா வாங்கியாரச் சொல்லிட்டேன்” என்று இரண்டு வாழைப்பழத்தைத் தட்டில் வைத்துப் பவ்வியமாக நீட்டினார். சுற்றிலும் எல்லோரும் எலும்பு கடித்துக்கொண்டிருக்க நான் அதை உரித்துச் சாப்பிட்டேன். என் பக்தி மேல் அவர்களுக்கு நம்பிக்கை அவ்வளவு. கல்யாணம் தள்ளிப்போன ஒருவர், “உங்க வேண்டுதல்ல என்னையும் சேர்த்துக்கங்க” என்று கேட்டுக்கொண்டார். அவருக்கு அந்த வைகாசியிலேயே கல்யாணமும் ஆகிவிட்டது, என் மதிப்பு இன்னும் ஏறிவிட்டது. அந்தக் கல்யாணத்தில் வயிறாரச் சாப்பிட்டேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். நல்ல வேளை, அது ஞாயிற்றுக்கிழமை.

ஆசிரியர் அறைக்குப் பின்பக்கம் ஒரு தண்ணீர்க் குழாய் உண்டு. கையேந்திக் குடிக்கிற மாதிரித் தாழ்வாக இருக்கும். என் மத்தியானச் சாப்பாடு அதுதான். அங்கே நின்று குடிக்கும்போது விடுதிப் பக்கத்திலிருந்து ஒரு டெம்போ போகும், பின்னால் டிரம் டிரம்மாக மிச்சச் சோறு, சாம்பார் எல்லாம் கலந்து. எங்கே போகிறது என்று விசாரித்தபோது பன்றிப் பண்ணைக்கு என்றார்கள். மனுஷர்கள் மேல் பொறாமைப்படுவது சகஜம். நான் பன்றிகள் மேல் பொறாமைப்பட்டிருக்கிறேன்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் அம்மா தறிக்குப் பாவு நூலைச் சரிபண்ணிக்கொண்டே முதலில் கேட்பது இதைத்தான்: “இன்னைக்கு என்ன போட்டாங்க சாமி?”

நான் என்ன சொல்வது? ஃபிலோமினா அக்காவின் டப்பாவைச் சொல்லுவேன். நான் வாசனை மட்டும் பிடித்த மீன் குழம்பு, கண்ணால் ஒரு நொடி பார்த்த தொக்கு எல்லாம் நான் சாப்பிட்டதாகிவிடும். சொல்லும்போது கொஞ்சம் சேர்த்தும் சொல்லுவேன். அப்பளம் ஒன்று என்றால் இரண்டு என்பேன். அம்மா கையை நிறுத்திவிட்டுக் கேட்பாள். புளி கரைச்சாங்களா, தேங்கா அரைச்சாங்களா என்று விசாரணை வேறு. ஒரு நாள் அப்படிக் கேட்டுவிட்டு அம்மா சிரித்துக்கொண்டே சொன்னாள்:

“நீதான் குடுத்து வெச்சவ. எனக்கு ஒரு வாயி கொண்டாரக்கூடாதா சாமி?”

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் அந்தக் குரல் எனக்குத் தெரியும். மத்தியானம் நாற்காலியில் உட்கார்ந்து ஒரு முதுகைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது என் மனசுக்குள் கேட்கும் குரல் அது. என் அம்மா என் மேல் பொறாமைப்பட்டாள், நான் சாப்பிடாத சாப்பாட்டுக்காக.

அப்புறம் தவக்காலம் வந்தது. கிறிஸ்தவர்களுக்கு ஈஸ்டருக்கு முந்தின நோன்பு நாட்கள். ஃபிலோமினா அக்கா மத்தியானச் சாப்பாட்டை விட்டுவிட்டார். என்னைப் பார்த்துத்தான் தைரியம் வந்தது என்று வேறு சொன்னார். டப்பா வாசனை இல்லாமல் போனதில் எனக்கு ஒரு கஷ்டம், அம்மாவிடம் சொல்ல ஒன்றும் இல்லாமல் போய்விட்டது. பழைய குழம்புகளையே மாற்றி மாற்றிச் சொல்லிச் சமாளித்தேன்.

அவர்கள் வீட்டில் ஒரு வழக்கம். நோன்பு நாட்களில் உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியைத் தனியாக ஒரு பானையில் போட்டு வருவார்கள். கடைசியில் அதைப் பசியில் இருக்கிற ஒரு குடும்பத்துக்குக் கொடுத்துவிட வேண்டும். அதுவும் அடுத்தவர்களுக்குத் தெரியாமல் கொடுக்க வேண்டும். புனித வாரத்துக்கு முன்னால் ஒரு மத்தியானம், அறையில் நாங்கள் இரண்டு பேர் மட்டும். அக்கா என் பக்கமாக நாற்காலியைத் திருப்பினார்.

“ஏம்மா, ஒங்க எளம்பிள்ளைப் பக்கம் நெஜமாவே கஷ்டப்படறவங்க யாராச்சும் இருந்தாச் சொல்லேன். பான நெறைஞ்சிருச்சு. நல்ல பொன்னி அரிசி.”

இரண்டு பேர் வயிறும் காலி. அவருடையது நோன்பு, என்னுடையது பசி. வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுபோலத்தான் இருந்தோம். சொல்லிவிடலாம், எங்கள் வீடுதான் அக்கா என்று ஒரு வார்த்தை போதும்.

“எங்க பக்கம் அப்பிடி யாரும் இல்லீங்க்கா” என்றேன்.

அந்த அரிசி வாட்ச்மேன் வீட்டுக்குப் போனது. சாயங்காலம் பஸ்ஸுக்கு நிற்கும்போது அவர் சைக்கிள் கேரியரில் மூட்டையைக் கட்டிக்கொண்டு என்னைக் கடந்து போனார். பாவம், அவருக்குப் பிள்ளைகள் அதிகம், தேவைதான். இருந்தாலும் அந்த மூட்டை ரோட்டு வளைவில் மறையும் வரைக்கும் பார்த்துக்கொண்டே நின்றேன். என் வாழ்க்கையில் அவ்வளவு பொறாமையோடு வேறெதையும் பார்த்ததில்லை. வீட்டுக்குப் போனதும் அம்மா கேட்டாள். மீன் குழம்பு என்றேன்.

இதெல்லாம் அலமாரி முன்னால் நிற்கும்போது வரிசையாக வந்தது. முட்டை அடுக்கிய மாணவி ஒரு ராகி உருண்டையை எடுத்து நீட்டினாள். “சாப்பிடுங்க மேடம்.”

எனக்கு நல்ல பசி. வீட்டில் இப்போது எதற்கும் குறைவில்லை, ஓமலூரில் நிரந்தர வேலை, டப்பா நிறையக் கொண்டு போகிறேன். ஆனாலும் வாய் தன்பாட்டுக்குச் சொல்லிவிட்டது: “இல்லம்மா, இன்னைக்கு வியாழக்கிழமை. விரதம்.”

அவள் கையை இறக்கவில்லை.

“நெஜமாவே விரதமுங்களா, இல்ல கூச்சப்படறீங்களா? இங்க புதுசா வர்ற பிள்ளைங்க மொதல்ல இப்பிடித்தானுங்க சொல்லும்.”

அங்கேதான் எனக்குத் தாங்கவில்லை. முட்டை, கம்பஞ்சோறு, நிலம், உரக்குழி, எதன் மேலும் நான் பட்ட பொறாமை பெரிதில்லை. இந்தக் கேள்வி மேல் பட்டதுதான் பெரிது. இப்போது அங்கே படிக்கிற பிள்ளைகளுக்கு இந்தக் கேள்வி கிடைக்கிறது. என்னிடம் எல்லோரும் விரதமா என்றுதான் கேட்டார்கள், நிஜமாகவா என்று ஒருவரும் கேட்கவில்லை. உருண்டையை வாங்கிக்கொண்டேன். இன்னொன்றும் கேட்டு வாங்கிப் பையில் வைத்துக்கொண்டேன். ஏன் என்று அவள் கேட்கவில்லை.

பின்பக்கம் போய்ப் பார்த்தேன். ஆசிரியர் அறை இருந்த இடம் விதை வைக்கிற அறையாகிவிட்டது. குழாயைக் காணோம், சுவரில் அது இருந்த தடம்கூட இல்லை. டெம்போவும் வருவதில்லையாம். ஃபிலோமினா அக்கா ஓய்வு பெற்று மகளோடு போய்விட்டார், எந்த ஊர் என்று யாருக்கும் தெரியவில்லை. திரும்பி வரும்போது அதே மாணவி படியில் உட்கார்ந்து போனில் பேசிக்கொண்டிருந்தாள்.

“ஆமாம்மா, சாப்டேன். யுனிவர்சிட்டிலயே போட்டாங்க. கம்பஞ்சோறும் மோரும். உப்பே இல்ல, போ.”

உப்பு இல்லையாம்! அவளை ஓர் அறை அறையலாம் போல இருந்தது. நான் தினமும் சொன்ன அதே வாக்கியம், அவள் வாயில் அது நிஜம். அதைக் குறை சொல்ல அவளுக்கு முடிகிறது. அந்தப் பக்கம் கேட்க ஓர் அம்மா இருக்கிறாள்.

பஸ்ஸில் ஓர் உருண்டையைத் தின்றேன். வெல்லம் கொஞ்சம் தூக்கல், நல்லெண்ணெய் வாசம், நன்றாகத்தான் இருந்தது. மற்றதை வீடு வரைக்கும் கொண்டு வந்தேன். யுனிவர்சிட்டியில் போட்டார்கள், இந்தத் தடவை நிஜமாகவே போட்டார்கள், கொண்டும் வந்துவிட்டேன். என்ன போட்டாங்க சாமி என்று கேட்கத்தான் அம்மா இல்லை.