அரிசிப் பிள்ளையும் ஏழு பாதசாரிகளும்

ஆகஸ்ட் ஒன்பதாம் தேதி, சனிக்கிழமை, காலை மணி 10.42. வானத்தில் மேகம் இல்லை, காற்றும் இல்லை. வெயில் மட்டும் இருந்தது. கிள்ளானைத் தாண்டிய ஒரு கொமுட்டர் ரயில் நிலையத்தின் வாசலில் நாங்கள் மூன்று பேர் நின்றுகொண்டிருந்தோம். எங்களோடு ஒரு குழந்தை வண்டி. அதற்குள் இடுப்பு வார் போட்டுக் கட்டிய பத்துக் கிலோ அரிசி மூட்டை. மூட்டையின் தலையில் நீல நிறத் தொப்பி.

எனக்கு அறுபத்தெட்டு வயது. அதில் முப்பத்து நான்கு வருடம் அரசாங்க வேலையில் சாலையோரம் உட்கார்ந்து வண்டிகளை எண்ணியிருக்கிறேன். அரிசி மூட்டையோடு வேலைக்குப் போனது அன்று ஒருநாள்தான். அந்த நிலைமைக்குக் காரணம் ஏழு என்ற எண். அதை எண்ணியவன் நான்.

1. ஏழு பேர்

பணி ஓய்வுக்குப் பிறகு, பங்சாரில் ஒரு சாப்பாட்டுக் கடைக்கு மேல்மாடியில் இருக்கும் சிறிய போக்குவரத்து ஆலோசனை நிறுவனத்துக்கு, கூப்பிடும்போது மட்டும் போய்வருகிறேன். முதலாளி தேன்மொழி என்ற பொறியாளர். வயது நாற்பத்தொன்று. அவரையும் சேர்த்து ஐந்து பேர் வேலை செய்கிறார்கள். என்னைச் சேர்த்தால் ஐந்தரை.

பழைய செம்பனைத் தோட்ட நிலத்தில் ஒரு பெரிய கேளிக்கைப் பூங்கா கட்ட ஒரு கம்பெனி திட்டம் போட்டது. மனிதர்கள் காசு கொடுத்துத் தலைகீழாகத் தொங்கிவிட்டு வரும் இடம். அதற்கு நகராண்மைக் கழகத்தின் அனுமதி வேண்டுமென்றால், எத்தனை பேர் வருவார்கள், எதில் வருவார்கள், சாலை தாங்குமா என்று ஒரு டிராஃபிக் ரிப்போர்ட் கொடுக்க வேண்டும். அதில் ஒரு பொறியாளர் கையெழுத்துப் போட வேண்டும். அந்த வேலை எங்களுக்கு வந்தது.

ரயில் நிலையம் சாலைக்கு இந்தப் பக்கம், பூங்கா நிலம் அந்தப் பக்கம். ரயிலில் வருகிறவர்கள் நடந்து போவதற்காகத் தேன்மொழி வரைபடத்தில் கூரை போட்ட ஒரு நடைபாலம் வரைந்திருந்தார். பூங்கா கம்பெனிக்கு அந்தப் பாலம் பிடிக்கவில்லை. அந்தப் பணத்தில் கார் நிறுத்துமிடத்துக்கு இன்னொரு மாடி கட்டலாம் என்பது அவர்கள் கணக்கு.

அவர்களுக்கு ஆயுதம் கொடுத்தது நான். நிலைய வாசலில் குடை நட்டு உட்கார்ந்து, இடது பக்கம் வீடமைப்புப் பகுதிக்குப் போகிறவர்களை, கையில் பிடித்துப் பொத்தானை அழுத்தி எண்ணும் ஒரு கவுண்டரிலும், வலது பக்கம் பூங்கா நிலத்தை நோக்கிப் போகிறவர்களை இன்னொரு கவுண்டரிலும் அழுத்தினேன். மிக அதிகமாக ஆள் நடமாடிய ஒரு மணி நேரத்தில் வலது பக்கம் போனவர்கள் ஏழு பேர். அதில் இரண்டு பேர் சுவரோரம் ஒதுங்கிவிட்டுத் திரும்பி வந்தவர்கள். கோட்டைத் தாண்டியவன் எதற்காகத் தாண்டினான் என்று கேட்பது எங்கள் தொழிலில் இல்லை. தாண்டினால் அழுத்த வேண்டும். அழுத்தினேன்.

கூட்டத்தில் பூங்கா கம்பெனியின் திட்ட மேலாளர் மகேந்திரன் ரிப்போர்ட்டில் அந்த எண்ணை விரலால் தட்டினார். ஆள் பருமன், குரல் அதைவிடப் பருமன்.

“ஏழு பேருக்கு எதுக்கு மிஸ் பாலம்? அந்த ஏழு பேரையும் நானே தினம் கார்ல ஏத்திட்டுப் போயிடறேன் லா. பெட்ரோல் போட்டாலும் பாலத்துக் காசு மிச்சம்!”

எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. இந்த மாதிரிக் கட்டத்தில் மேலதிகாரிகள் என்ன சொல்வார்கள் என்று எனக்குத் தெரியும். ‘கவுண்ட்ல ஏதோ தப்பு இருக்கும்’ என்பார்கள். அப்படி மூன்று மேலதிகாரிகள் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள்.

தேன்மொழி சொன்னார்: “அங்கிள் ஏழுன்னா ஏழுதான் பாஸ். அதுல சந்தேகமே இல்ல. ஆனா பூட்டின கடைக்கு எதிர்ல நின்னு, வியாபாரமே இல்லன்னு எழுதிட்டுப் போனா எப்படி? அந்தப் பக்கம் போக வழி இருக்கா?”

“இருக்கே! மேப்ல பாருங்க, நீங்க போட்ட வட்டம்தானே? நானூறு மீட்டர். அஞ்சு நிமிஷ நடை.”

அவர் சொன்னது உண்மை. எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. நிலையத்தை நடுப்புள்ளியாக வைத்து நானூறு மீட்டருக்கு ஒரு வட்டம் போடுவோம். வட்டத்துக்குள் எது விழுந்தாலும் அது ‘நடக்கும் தூரம்’. பூங்காவின் வாசல் வட்டத்துக்குள்தான் விழுந்தது.

“அப்போ வாங்க, நடந்து பார்ப்போம்” என்றார் தேன்மொழி. “வசதியா இருந்தா பாலத்தை நானே அழிச்சிட்டுக் கையெழுத்துப் போடறேன். இல்லன்னா பாலம் இல்லாத ரிப்போர்ட்ல என் கையெழுத்து வராது. நீங்க வேற கன்சல்டன்ட் பார்த்துக்கலாம்.”

அந்த வேலை கைமாறினால் எங்கள் அலுவலகத்துக்கு ஆறு மாத வாடகை போச்சு. ஐந்து பேரில் இரண்டு பேருக்காவது வேலை போகும். எனக்கு அரை ஆள் சம்பளம் போகும். வெளியே வந்ததும், “ஏன்மா இவ்வளவு பெரிய பேச்சு?” என்று கேட்டேன்.

“பயமாத்தான் இருக்கு அங்கிள்” என்றார். “அதனாலதான் சீக்கிரமா சொல்லிட்டேன்.”

2. பிள்ளை வாங்கியது

தேன்மொழியிடம் ஒரு வழக்கம் உண்டு. எந்தத் திட்டத்திலும் கையெழுத்துப் போடுவதற்கு முன், வரப்போகிற ஆளைப் போலவே தானும் அங்கே போய்ப் பார்ப்பார். காரில் இல்லை; ரயிலில், பஸ்ஸில், நடையில். கூடவே தன் மகன் வளர்ந்துவிட்டதால் சும்மா கிடக்கும் குழந்தை வண்டி, அதில் அரிசி மூட்டை. “வெறுங்கையோட நடக்கிற இன்ஜினியருக்கு எல்லா ரோடும் நல்ல ரோடுதான் அங்கிள்” என்பார்.

இந்த முறை, பூங்காவுக்கு வரும் குடும்பமாக நடிக்க ஒரு முதியவரும் தேவைப்பட்டார்.

“நீங்க நடிக்கவே வேண்டாம்” என்றார்.

அரிசி வாங்கும் பொறுப்பும் எனக்கே வந்தது. பிரிக்ஃபீல்ட்ஸில் என் வீட்டுக்குக் கீழே உள்ள கடையில் உள்ளூர் அரிசி தீர்ந்துவிட்டது. இறக்குமதி அரிசிதான் இருந்தது, விலை அதிகம். மூட்டையைத் தூக்கி எடை பார்த்தேன், தையலைப் பார்த்தேன். கடைக்காரர், “என்ன அண்ணே, பொண்ணு பார்க்கிற மாதிரி பார்க்கிறீங்க?” என்றார். ரசீதைச் சட்டைப் பையில் வைத்தேன். மறுபடி எடுத்துப் பார்த்துவிட்டு வைத்தேன்.

மகேந்திரன் வருவார் என்று நான் நம்பவில்லை. வந்தார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, பளபளக்கும் சப்பாத்து. வண்டியைத் தள்ளுவது அவர் என்று தேன்மொழி சொன்னதும், “நானா? தெரிஞ்சவங்க பார்த்தா என்ன சொல்வாங்க மிஸ்?” என்றார்.

“பொறுப்பான அப்பான்னு சொல்வாங்க.”

ரயிலில் எதிரே உட்கார்ந்திருந்த ஒரு அம்மாள் வண்டியின் மூடியையே பார்த்துக்கொண்டு வந்தார். கடைசியில் கேட்டுவிட்டார். “என்ன பிள்ளைம்மா இது, இவ்ளோ நேரமா அசையவே இல்ல?”

“நல்ல பிள்ளை ஆன்டி. அழவே அழாது” என்றார் தேன்மொழி.

அம்மாள் எட்டிப் பார்த்தார். அரிசியைப் பார்த்தார். பிறகு மகேந்திரனை மேலிருந்து கீழாகப் பார்த்தார். “அப்பா ஜாடைதான்” என்றார். மகேந்திரன் கிள்ளான் வரும்வரை ஜன்னல் பக்கமே திரும்பியிருந்தார்.

3. வட்டத்துக்குள் இருந்த கால்வாய்

10.42-க்கு என் கடிகாரத்தைத் தட்டினேன்.

வலது பக்கம் நடைபாதை இல்லை. புல்தான் இருந்தது. புல்லுக்குள் உடைந்த சிமெண்டுத் துண்டுகள். வண்டியின் சின்னச் சக்கரம் நாலடிக்கு ஒரு தடவை திரும்பி நின்றது. இருநூறு மீட்டர் போவதற்குள் மகேந்திரனின் சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது. எனக்கு எங்கேயும் நிழல் கிடைக்கவில்லை. உட்கார ஒரு கல்கூடக் கிடைக்கவில்லை. கழிப்பறை எங்கே என்று யோசித்தேன். அதுவும் இல்லை.

அப்புறம் கால்வாய் வந்தது. மழைநீர்ப் பெருங்கால்வாய், மூன்று ஆள் உயர ஆழம். பூங்கா நிலம் அதற்கு அந்தக் கரையில், கூப்பிடு தூரத்தில் தெரிந்தது. மகேந்திரன் அப்படியே நின்றுவிட்டார்.

“இது எப்ப வந்துச்சு?”

“உங்களுக்கு முன்னாடியே வந்தது பாஸ்.”

“வாரத்துக்கு மூணு தடவை இந்த வழியா கார்ல போறேன் மிஸ். ஒரு நாள் பார்த்ததில்ல.”

கால்வாயைக் கடக்க ஒரே வழி, லோரிகள் போகும் சாலைப் பாலம். அதற்கு நிலையம் இருக்கும் திசையிலேயே திரும்பி, சுற்றிப் போக வேண்டும். வட்டம் போடும் கருவிக்குக் கால்வாய் தெரியாது. அது பறவைக்கான கணக்கு.

பாலத்தில் இரும்புத் தடுப்புக்கும் லோரிகளுக்கும் நடுவே ஒரு வண்டி அகலத்துக்கு மேல் இடமில்லை. தேன்மொழி முன்னால் போனார், மகேந்திரன் நடுவில், நான் கடைசியில். பாதிப் பாலத்தில் வண்டியின் முன்சக்கரம் சாக்கடைக் கம்பி இடுக்கில் மாட்டிக்கொண்டது. மகேந்திரன் பலமாக இழுத்தார். வண்டி சாலைப் பக்கம் சாய்ந்தது. இடுப்பு வார் கழன்றது. பின்னால் ஒரு கன்டெய்னர் லோரி ஹார்ன் அடித்துக்கொண்டு வந்தது.

“ஐயோ, பிள்ளை!”

கத்தியது மகேந்திரன். அடுத்த நொடி அவர் தரையில் முழங்காலிட்டு, மூட்டையை இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்து, லோரிக்கு முதுகைக் காட்டிக்கொண்டிருந்தார். லோரி விலகிப் போனது. அதன் காற்றில் நீலத் தொப்பி பறந்து கால்வாயில் விழுந்தது. மூட்டையின் ஓரம் தடுப்பின் ஆணியில் கிழிந்து, அரிசி அவர் சட்டைமீது கோடாக இறங்கியது.

யாரும் சிரிக்கவில்லை. எதையும் எண்ணாமல் எத்தனை நேரம் நின்றேன் என்று எனக்குத் தெரியாது.

மகேந்திரன் எழுந்தார். கிழிந்த இடத்தைக் கைக்குட்டையால் இறுக்கிக் கட்டினார். மூட்டையை மறுபடி வண்டியில் வைக்கவில்லை. தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். வெறும் வண்டியை நான் தள்ளினேன்.

வேலியில் இருந்த வாசலைத் தொட்டபோது முப்பத்தொன்பது நிமிடம் ஆகியிருந்தது. தேன்மொழி தண்ணீர் பாட்டிலை நீட்டினார். மகேந்திரன் வாங்காமல் சொன்னார்:

“மிஸ், இது வேலி வாசல். டிக்கெட் வாங்கற இடம் இது இல்ல. அது கார் பார்க்குக்கு அந்தப் பக்கம் வருது, இன்னும் அரைக் கிலோமீட்டர் உள்ள. நீங்க போட்ட வட்டம் வேலியோட நின்னு போச்சு.”

அவர் வாயை மூடிக்கொண்டிருக்கலாம். அவர் கம்பெனிக்கு அதுதான் லாபம். தேன்மொழிக்கு முகம் சிவந்தது. ஆனால் தட்டிக்கழிக்கவில்லை. “ஆமா பாஸ், விட்டுட்டேன்” என்று சொல்லி, வெயிலிலேயே வரைபடத்தை என் முதுகில் விரித்து, நடைபாலத்தை டிக்கெட் கவுண்டர் வரைக்கும் நீட்டிக் கோடு போட்டார். பென்சிலின் அழுத்தம் என் முதுகெலும்பில் தெரிந்தது. நான் அசையவில்லை.

இந்தத் தொழிலில் கெட்டிக்காரர்கள் பலரைப் பார்த்திருக்கிறேன். தன் தவற்றை அந்த இடத்திலேயே திருத்தியவரையும், தனக்கு நஷ்டமான உண்மையைத் தானே எடுத்துச் சொன்னவரையும் ஒரே வாசலில் பார்த்தது அன்றுதான்.

4. பதினொன்று

நகராண்மைக் கழகக் கூட்டத்துக்கு முன்பு கம்பெனிக்குள் ஒரு கூட்டம் நடந்தது. எங்களையும் அழைத்திருந்தார்கள். மகேந்திரனின் மேலதிகாரி ஏழு என்ற என் எண்ணை மறுபடியும் எடுத்தார். வலது பக்கம் போவது ஏழே ஏழு பேர், பாலம் எதற்கு என்றார்.

தேன்மொழி பேச வாயெடுத்தார். மகேந்திரன் முந்திக்கொண்டார்.

“ஏழு இல்ல பாஸ், இப்போ பத்து. அந்தப் பத்துல ஒருத்தன் நான். இன்னொரு தடவை அந்த லோரிப் பாலத்துல என் பிள்ளையைத் தள்ளிட்டுப் போகச் சொன்னா, நான் வேலையை விட்டுடறேன்.”

“உனக்குச் சின்னப் பிள்ளை ஏது?”

“அது பெரிய கதை பாஸ்.”

அரைமணி நேரம் வாக்குவாதம் நடந்தது. கடைசியில் கார் நிறுத்துமிடத்தின் கூடுதல் மாடி தள்ளிவைக்கப்பட்டது. நடைபாலம் திட்டத்தில் நின்றது, டிக்கெட் கவுண்டர் வரைக்கும், கூரையோடு. நான் கேட்டதால் நடுவில் இரண்டு இடத்தில் உட்காரும் பலகையும் சேர்த்தார்கள். தேன்மொழி கையெழுத்துப் போட்டார். எங்கள் ஐந்தரைப் பேருக்கும் வேலை நிலைத்தது. பூங்கா இன்னும் காகிதத்தில்தான் இருக்கிறது. நான் இருக்கும்போது வருமா என்று தெரியாது. முழங்கால் வலியைப் பார்த்தால் சந்தேகம்தான்.

இந்தத் தொழிலுக்கு வருகிற இளைஞர்களுக்கு ஒன்று சொல்வேன். எண்ணுவதைச் சரியாக எண்ணுங்கள், அதில் விட்டுக்கொடுக்காதீர்கள். எண்ணி முடித்த பிறகு, அந்த வழியாக வர நினைத்து வராமலே போனவர்கள் யார் என்று ஒரு தடவை போய்ப் பாருங்கள். அவர்களுக்குக் கவுண்டரில் பொத்தான் கிடையாது. கை நிறையச் சுமையோடு போய்ப் பார்த்தால்தான் தெரிவார்கள்.

மிச்ச அரிசியை மகேந்திரன் வீட்டுக்குக் கொண்டுபோனார். அடுத்த வாரம் எனக்கு ஃபோன் செய்து, “பிள்ளை ருசியா இருந்துச்சு அங்கிள்” என்றார். மூன்று பேர் நடந்தோம், பிள்ளையோடு நான்கு. ஏழோடு சேர்த்தால் பதினொன்று என்பதே சரியான கணக்கு என்று அவரிடம் திருத்தினேன். ஒப்புக்கொண்டார்.

ரசீது வியர்வையில் நனைந்து எழுத்தே தெரியவில்லை. அலுவலகக் கணக்குப் பெண், “அங்கிள், அரிசியை எதுல போடறது? ஸ்டேஷனரியா, எக்விப்மென்ட்டா?” என்று கேட்டு என் முகத்தையே பார்த்தாள். தேன்மொழி தன் கைப்பையைத் திறந்தார். நான் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ரயிலுக்கு அவர்தான் டிக்கெட் எடுத்தார், தண்ணீரும் அவர் வாங்கியது. ஆக எனக்கு ஆன செலவு அரிசி மட்டும்: முப்பத்தெட்டு வெள்ளி ஐம்பது காசு.